சர்வர் படுத்துக்கொண்டால்...

ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு மூன்றே நாள் இருக்கும்போது லேப் சர்வர் படுத்துக்கொண்டால் வயிறு எப்படிக் கலங்கும் என்று எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கரண்ட் போய் வந்தது. யு.பி.எஸ். பாட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது. சர்வரை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றது. அதற்கு மேல் நகரவே இல்லை.

"ஓ.எஸ்.ஸைப் புதுசாப் போட்டுடலாம்டா, அரை மணி நேர வேலை" என்றான் ஒருவன். நல்லவேளை, லேப் அசிஸ்டென்ட் அண்ணன் அவன் கையைப் பிடித்துவிட்டார். புது ஓ.எஸ். பழைய டிஸ்க்கின் மேலேயே எழுதும். மிச்சம் இருக்கும் ஃபைல்களும் போய்விடும்.

லினக்ஸ் சர்வர் எழுவதே ஒரு ரிலே ரேஸ் மாதிரி. பயாஸ் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் கிரப்பின் சின்னத் துண்டை எழுப்பும். அது கிரப்பின் மீதியைத் தேடும். கிரப் கெர்னலை ஏற்றும். கெர்னல் ரூட் பார்ட்டிஷனைத் திறக்கும். எங்களுக்கு இரண்டாவது ஆளிடமே குச்சி கை மாறவில்லை. அதாவது, ஓ.எஸ். எழவில்லை என்பதாலேயே டேட்டா போய்விட்டது என்று அர்த்தமில்லை.

வேறொரு மெஷினில் லைவ் பென்டிரைவ் தயார் செய்து சர்வரை அதிலிருந்து எழுப்பினோம். டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' ரிப்போர்ட்டைப் பார்த்தால் படிக்க முடியாத செக்டார்கள் ஏகப்பட்டது. டிஸ்க்கே போய்க்கொண்டிருந்தது! இந்த நிலையில் அதன் மேல் ரிப்பேர் கமாண்ட் ஓட்டினால் சாகிறவனை ஓடச் சொன்ன கதைதான். 'டிடிரெஸ்க்யூ' என்ற ப்ரோக்ராமால் முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்கில் இமேஜாக எடுத்தோம். அது சுலபமாகப் படிக்கக்கூடிய இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். ராத்திரி முழுக்க ஓடியது.

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன் முழு சிஸ்டத்தையும் 'டார்' ஃபைலாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து வைப்பார். புது டிஸ்க்கில் பார்ட்டிஷன் போட்டு அதைப் பிரித்தோம். இங்கேதான் முதல் சறுக்கல். டார், ஃபைலின் சொந்தக்காரரைப் பெயரை வைத்துத்தான் பொருத்தும். ஒரே பெயருக்கு லைவ் பென்டிரைவில் வேறு நம்பர் இருந்தால் எல்லாம் தாறுமாறு. 'நியூமரிக் ஓனர்' ஆப்ஷன் சேர்த்து மறுபடி முதலிலிருந்து பிரித்தோம்.

அடுத்து, புது பார்ட்டிஷனுக்குப் புது யு.யு.ஐ.டி. வந்திருக்கும், 'எஃப்.எஸ்.டேப்' ஃபைலிலோ பழையதுதான் இருக்கும். மாற்றினோம். டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் உள்ளே பைண்ட் செய்து, 'சி-ஹெச்-ரூட்' மூலம் அந்த சிஸ்டத்துக்குள் நுழைந்து, கிரப்பை இன்ஸ்டால் செய்து அப்டேட்டும் கொடுத்தோம். ரீபூட். எழுந்தது! ஆனால் நடுவில் ஒன்றரை நிமிஷம் அசையாமல் நின்று உயிரை வாங்கியது. ஸ்வாப் பார்ட்டிஷனின் யு.யு.ஐ.டி.யை மாற்ற மறந்திருந்தோம்.

மைஎஸ்க்யூஎல் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த டாரில் அதன் டேட்டா ஃபைல்களை நம்பக்கூடாது. சீனியர் ஒருத்தர் வைத்துவிட்டுப் போன 'டம்ப்' ஃபைல்தான் இன்டர்னல் மார்க்கைக் காப்பாற்றியது. கிட்லேப் கம்பெனியில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு இன்ஜினியர் தவறுதலாக மெயின் டேட்டாபேஸை அழித்துவிட, பேக்கப்பைத் தேடினார்கள். வெர்ஷன் பொருந்தாமல் டம்ப் பல நாளாக எடுபடவே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட் கைகொடுத்தது. எங்கள் டாரையும் அதுவரை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்குப் பிறகு செய்த வேலை? என் பெஞ்ச்மேட் அந்த நாலு நாளில் எழுதிய மூன்று மாட்யூலும் சர்வரில் மட்டும்தான் இருந்தது. இமேஜின் இன்னொரு நகலில் 'எஃப்.எஸ்.சி.கே.' ஓட்டினோம். 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் பெயர் போய் வெறும் நம்பரோடு நூற்றுக்கணக்கான ஃபைல்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து இரண்டு மாட்யூலைக் கண்டுபிடித்தான். மூன்றாவதை வியாழன் ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து புதிதாக அடித்தான்.

யு.பி.எஸ்.ஸுக்குப் புது பாட்டரி கேட்டு இண்டென்ட் போயிருக்கிறது. இதை எழுதும்வரை வரவில்லை.