அப்பாவுக்கு ப்ராஸ்டேட் வீக்கமா? மாத்திரைக்கு அடுத்து என்னென்ன வழிகள்?

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஷிப்ட் பஸ் ஏறும் இளைஞர்கள் பலரின் வீட்டில் ஐம்பதைத் தாண்டிய அப்பா இருப்பார். "ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறேன், வயசானா அப்படித்தான்" என்று அவர் சொன்னால், அப்படியே விட்டுவிடாதீர்கள்.

என்ன பிரச்சினை?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் சுரப்பிதான் ப்ராஸ்டேட். இளம் வயதில் சுமார் 20 கிராம் இருக்கும். வயதாக ஆக வளர்ந்து குழாயை நெருக்கும். சிறுநீர் மெல்லிசாகப் போவது, முக்க வேண்டியிருப்பது, போயும் போகாத மாதிரி இருப்பது இதன் அறிகுறிகள். இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் டாக்டர் பரிசோதித்து உறுதி செய்வது அவசியம்.

மாத்திரை போதாதா?

பலருக்குப் போதும். டாம்சுலோசின் சில நாட்களிலேயே பலன் காட்டும். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடுக்கு சுமார் 6 மாதம் பொறுக்க வேண்டும்.

அடுத்த கட்டம்?

● டி.யு.ஆர்.பி.: பல காலமாக நடக்கும் ஆபரேஷன். சிறுநீர்த் துவாரம் வழியாகக் கருவி செலுத்தி, அடைக்கும் சதையைச் சீவி எடுப்பார்கள். வெளியே தையல் இல்லை.

● ஹோலெப்: லேசர் முறை. ரொம்பப் பெரிய சுரப்பிக்கும் ஏற்றது.

● ரெசூம்: நீராவியைச் செலுத்தி சதையைச் சுருங்க வைப்பது. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும்.

● யூரோலிஃப்ட்: சதையை வெட்டாமல், சின்னக் கொக்கிகளால் இழுத்துக் கட்டி வழிவிடச் செய்வது.

● எம்போலைசேஷன்: மணிக்கட்டு அல்லது தொடை ரத்தக் குழாய் வழியாகப் போய், சுரப்பிக்கான ரத்த ஓட்டத்தைக் குறைப்பது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

டி.யு.ஆர்.பி., ஹோலெப் பலன் நீண்ட காலம் நிற்கும். ஆனால் பலருக்கு விந்து வெளியே வராமல் போகும். ரெசூம், யூரோலிஃப்டில் அந்தச் சிக்கல் குறைவு. பிறகு மறுசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு அதிகம். அப்பா கேட்கக் கூச்சப்படும் கேள்வி இது. டாக்டரிடம் தனியாகப் பேச அவருக்கு நேரம் கொடுங்கள்.

செலவு?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், உங்களைச் சார்ந்த பெற்றோரையும் வருமான வரம்புக்கு உட்பட்டு சேர்க்கலாம். ஹெச்.ஆரிடம் கேளுங்கள்.

எப்போது அவசரம்?

சிறுநீர் அடியோடு நின்றாலோ, ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சில சளி மாத்திரைகளே சிறுநீரை அடைத்துவிடும். அப்பாவுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.