மலையேறும் பழைய ஜீப்பும் புதிய கார்புரேட்டரும்

பாலக்காட்டிலும் இடுக்கி எல்லைப்புறத்திலும் வாழும் நம் குடும்பங்களுள், பழைய பெட்ரோல் ஜீப்பையோ, 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் காரையோ இன்னும் கைவிடாது ஓட்டுவோர் சிலர் உண்டு. டீசல் வண்டிகளுக்குக் கார்புரேட்டர் கிடையாது. ஆகவே இக்கட்டுரை பெட்ரோல் வண்டி உடைய அன்பர்களுக்கே உரியது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பட்ட அவதியை முதலில் கூறிவிடுகிறோம். மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் உரிமத்தின்பேரில் கட்டிய பழைய ஜீப் ஒன்றுக்குப் பாலக்காட்டுப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் புதிய கார்புரேட்டர் பொருத்தினோம். அங்கே யந்திரம் தேனீயைப்போல் ரீங்காரமிட்டது. மறுநாள் முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு வழியாக மூணாற்றுக்குப் புறப்பட்டோம். மறையூரைத் தாண்டியதும் கரும்புகை எழுந்தது; வண்டி இருமிற்று; செங்குத்தான வளைவொன்றில் யந்திரம் அணைந்தே போயிற்று. சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்து எல்லோரையும் இறக்கியபின்னரே மூச்சு வந்தது.

பிழை கார்புரேட்டரில் இல்லை. அதனைச் சரிசெய்த இடத்தில் இருந்தது.

பெட்ரோல் முற்றும் எரிவதற்கு, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழப் பதினைந்து பங்கு காற்று வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. ஆனால் ஜெட்டின் துளை அதே துளைதான். காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. கலவை கொழுத்துவிடுகிறது, புகை எழுகிறது, இழுவை குன்றுகிறது.

நிற்க. கார்புரேட்டரை மாற்றுமுன், குற்றம் அதனுடையதுதானா என்று ஆராய்தல் வேண்டும். அடைபட்ட காற்று வடிகட்டி, தேய்ந்த பாயிண்டு, பழுதான பெட்ரோல் பம்பு ஆகியனவும் இதே தொல்லைகளைத் தரும். இவை சரியாக இருந்து, மிதவை அறை நிரம்பி வழிந்தாலோ, திராட்டில் அச்சு தேய்ந்து ஆடினாலோ மாற்றுவது நலம்.

வில்லிஸ் ஜீப்புகளுக்கு அமெரிக்காவில் கார்ட்டர் வகைக் கார்புரேட்டர் பொருத்தப்பட்டது. நம் நாட்டில் சோலெக்ஸ் வகை பெரிதும் வழக்கத்திற்கு வந்தது. ஒன்றைக் கழற்றி மற்றொன்றை வைக்கும்பொழுது ஆக்ஸிலேட்டர் கம்பியின் இணைப்புப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குக.

யந்திரம் நன்கு குளிர்ந்த பின், பாட்டரி இணைப்பை நீக்கிவிட்டு வேலையைத் தொடங்குக. பழையதைக் கழற்றியவுடன் மானிபோல்டின் வாயைத் துணியால் அடைப்பது அவசியம். ஒரு சிறு நட்டு உள்ளே விழுந்தாலும் யந்திரத்திற்குக் கேடு. பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்துப் புதியதை வையுங்கள். பின்பு அத்துணியை எடுக்க மறவாதீர்கள். நட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்குக. ஒருவர் பெடலை மிதிக்க, திராட்டில் முழுதும் திறந்து, விட்டவுடன் தானே மூடுகிறதா என்று மற்றொருவர் பார்க்கவேண்டும். மூடாத திராட்டில் மலை இறக்கத்தில் பெரும் அபாயமாகும்.

பெட்ரோல் குழாய் விஷயத்தில் சிக்கனம் கூடாது. இப்பொழுது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. பழைய ரப்பர்க் குழாய்களை அது கெடுக்கக்கூடும். கசிந்த பெட்ரோல் சூடான புகைக்குழாயில் சொட்டினால் தீப்பிடிக்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் புதிய குழாயையே போடுக.

இனிச் சுருதி கூட்டும் வேலை. யந்திரம் நன்கு சூடேறி, சோக் முழுதும் திறந்த பிறகே தொடங்குக. கலவைத் திருகை மெல்ல உட்புறம் திருக, ஓரிடத்தில் யந்திரம் தடுமாறும். வெளிப்புறம் திருக, மற்றோரிடத்தில் தடுமாறும். இரண்டிற்கும் நடுவே, ஓட்டம் சீராக இருக்குமிடத்தில் நிறுத்துக. பின்னர் வேகத் திருகால் ஐடிலிங் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கலவைத் திருகை அடிவரை இறுக்கினால் அதன் முனை கெடும்.

இந்தத் திருகு ஐடிலிங்குக்கே உரியது. ஏற்றத்தில் வேலை செய்வது மெயின் ஜெட். சோலெக்ஸ் ஜெட்டின்மேல் உள்ள எண், துளையின் அளவை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் காட்டுவது. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். ஏற்றத்தில் சிறிது தூரம் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்திருந்தால் கலவை கொழுப்பு, வெளுத்திருந்தால் மெலிவு, பிஸ்கோத்து நிறமானால் சரி. எத்தனால் கலவையைச் சற்று மெலிவாக்குமாதலால், கணக்கைவிடப் பிளக்கின் நிறமே நல்ல சாட்சி.

மூணாற்றில் மெக்கானிக் ஒருவர் பிளக்கைப் பார்த்த மாத்திரத்தில் ஓர் அளவு சிறிய ஜெட்டைப் போட்டார், புகை நின்றது. “சமவெளிக்குத் திரும்பினால் பழைய ஜெட்டையே போட்டுவிடுங்கள்” என்றும் எச்சரித்தார். மெலிந்த கலவையோடு கீழே நெடுந்தூரம் ஓட்டினால் யந்திரம் மிகச் சூடாகி வால்வுகள் கருகக்கூடும்.

ஆகவே அன்பர்களே, வண்டி எங்கே மிகுதியாக ஓடுகிறதோ, அங்கேயே அதனைச் சரிசெய்யுங்கள். மலைக்கும் சமவெளிக்கும் போய்வருவோர், இரண்டு ஜெட்டுகளையும் ஒரு சிறு டப்பியில் இட்டு வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது. வளைவில் வண்டி நிற்காதிருக்க அச்சிறு செலவு தகும்.