புது வீணை ஏன் இரைகிறது? மெட்டா, தந்தியா, சுருதியா?

புதுசா வாங்கிய வீணையில் ஒரு ஸ்வரத்தைத் தொட்டால் மட்டும் 'ஜிர்ர்' என்று ஒரு இரைச்சல் வருகிறது. பக்கத்து ஸ்வரம் சுத்தமாகப் பேசுகிறது. இந்த ஜிர்ர் எங்கே பிறக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தப் பதிவு அதைப் பற்றி மட்டும்தான்.

சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் வீட்டில் வீணை வந்த மூன்றாவது மாதம், சாரணித் தந்தியில் அந்தர காந்தாரம் இரைய ஆரம்பித்தது. ஆன்லைனில் சொல்லிக்கொடுப்பவர், "இன்னும் அழுத்திப் பிடிம்மா" என்றார். மகள் அழுத்தினாள். ஆள்காட்டி விரலில் தந்தி பதிந்து கோடு விழுந்தது, பிறகு தோல் கிழிந்தது. இரைச்சல் போகவில்லை. "எனக்கு வீணை வராதுப்பா" என்று சொல்லிவிட்டாள். வாத்தியத்தின் கோளாறு வாசிப்பவரின் கோளாறாகக் கணக்கில் ஏறுவது இப்படித்தான். அதனால்தான் இதை முறையாகத் தேடிப் பார்க்கவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

இரைச்சல் என்றால் என்ன?

எந்த வாத்தியமாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். இரண்டு பொருட்கள் ஒட்டியும் ஒட்டாமலும் பக்கத்தில் இருக்கின்றன. அதில் ஒன்று அதிர்கிறது. ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒருமுறை மற்றதைத் தட்டிவிட்டு விலகுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான தட்டல்கள், அதுதான் ஜிர்ர். நன்றாக ஒட்டியிருந்தால் சத்தம் இல்லை. நன்றாக விலகியிருந்தாலும் சத்தம் இல்லை. நடுவில் ஒரு தாள் கனம் இடைவெளி இருந்தால்தான் தொல்லை.

மேற்கத்திய பெடல் ஹார்ப் வாசிப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. 47 தந்திகள், 7 பெடல்கள். பெடலை மிதித்தால் தூணுக்குள் ஓடும் கம்பிகள் மேலே இருக்கும் சின்னச் சின்ன வட்டுகளைத் திருப்பும். வட்டில் உள்ள முளைகள் தந்தியைக் கவ்விச் சுருதியை ஏற்றும். இந்த இரட்டை இயக்க அமைப்புக்கு செபாஸ்தியன் எரார் 1810-இல் காப்புரிமை பெற்றார். இத்தனை உறுப்புகளில் ஒரு திருகு தளர்ந்தாலும், ஒரு முளை தந்தியை அரைகுறையாகக் கவ்வினாலும் இரைச்சல்தான். அதோடு, புது ஹார்ப்பில் தந்திகளின் இழுவிசையால் பலகை மெதுவாக மேலே எழும்பி, வாத்தியம் ஒரு நிலைக்கு வரவே காலம் பிடிக்கும்.

நம்மிடம் இருந்த ஹார்ப் யாழ். விபுலானந்த அடிகள் 1947-இல் 'யாழ் நூல்' எழுதும்போதே அது வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. இன்று நம் வீடுகளில் இருக்கும் பெரிய தந்தி வாத்தியம் வீணைதான். வீணைக்குப் பெடல் கிடையாது. ஆனால் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் உண்டு. தொல்லைக்கு அதுவே போதும்.

வேண்டிய இரைச்சலும் உண்டு

வீணையில் கூடுதலாக ஒரு சிக்கல்: எல்லா இரைச்சலையும் ஒழித்துவிட முடியாது, ஒழிக்கவும் கூடாது.

வயலின் குதிரையின் மேல்விளிம்பு மெல்லியது. தந்தி ஒரு புள்ளியில் உட்கார்ந்திருக்கும். வீணைக் குதிரையின் மேல் ஒரு உலோகத் தகடு ஒட்டியிருக்கிறது. அதன் மேல்பரப்பு லேசான வளைவு. தந்தி அதிரும்போது அந்த வளைவில் கொஞ்சம் படிந்து, கொஞ்சம் எழும்பி, மறுபடி படிகிறது. கட்டுப்படுத்தப்பட்ட ஒரு உரசல் என்று சொல்லலாம்.

இதன் விளைவை 1921-இல் சி.வி. ராமன் எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளி உள்ள மேல்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது தாமஸ் யங் கண்ட விதி. உதாரணமாக, சரியாக நடுவில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது மேல்சுரங்கள் வரக்கூடாது. ஆனால் தம்புராவிலும் வீணையிலும் அவை தாராளமாக வருகின்றன, காரணம் அந்த வளைந்த குதிரை என்று ராமன் காட்டினார். தம்புராவில் தந்திக்கு அடியில் நூலைச் செருகி மயிரிழை மயிரிழையாக நகர்த்துவதும் இந்த உரசலைச் சரியான இடத்தில் நிறுத்தத்தான். அந்த நூலுக்கு ஜீவா என்று பேர் வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

ஆக, வீணையின் நாதம் என்பதே ஒழுங்கான இரைச்சல். நாம் தேடுவது ஒழுங்கில்லாத இரைச்சலை. எப்படிப் பிரிப்பது? நாதம் எல்லா ஸ்வரத்திலும் ஒரே மாதிரி இருக்கும், தந்தியோடு சேர்ந்தே மெல்ல அடங்கும். கோளாறு சில இடங்களில் மட்டும் தலைகாட்டும், சட்டென்று வந்து சட்டென்று நிற்கும்.

ஒரே கேள்வி: இரைச்சல் எதைத் தொடர்ந்து போகிறது?

எங்கள் தொழிலில் பக் வந்தால் முதலில் கோடைத் தொட மாட்டோம். எது மாறினால் பக் போகிறது, எது மாறினாலும் பக் போகவில்லை என்று பிரிப்போம். வீணைக்கும் அதே வழி நன்றாகப் பொருந்துகிறது. காதை வைத்து இடத்தைத் தேட வேண்டாம். எங்கே தட்டினாலும் சத்தம் குடத்தின் பலகை வழியாகத்தான் பெரிதாக வெளியே வரும், அதனால் காது ஏமாறும்.

வீணையில் ஒரு வசதி: ஒரே சுருதியை மூன்று விதமாக எடுக்கலாம். சாரணியில் 4-ஆம் மெட்டு அந்தர காந்தாரம். பஞ்சமத் தந்தியில் 9-ஆம் மெட்டும் அதே காந்தாரம். சாரணியில் 2-ஆம் மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்தாலும் அதே காந்தாரம். இந்த மூன்றையும் வாசித்துப் பாருங்கள்.

*இரைச்சல் மெட்டைத் தொடர்ந்தால்:* 4-ஆம் மெட்டில் எந்தத் தந்தியை வைத்தாலும் இரைகிறது, 9-ஆம் மெட்டில் இல்லை, இழுத்தாலும் இல்லை. அப்படியானால் குற்றவாளி மெட்டு. ஆனால் பெரும்பாலும் விரல் வைத்த மெட்டு இல்லை, குதிரைப் பக்கம் உள்ள அடுத்த மெட்டு. அது ஒரு தாள் கனம் உயர்ந்து நின்றால், 4-இல் இருந்து புறப்படும் தந்தி 5-ஐத் தட்டும். விரலை 5-இல் வைத்து வாசித்தால் இரைச்சல் காணாமல் போயிடும். உறுதிப்படுத்த, ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலை 4, 5, 6 மூன்று மெட்டுகளின் மேல் நிறுத்திப் பாருங்கள். ஊஞ்சல் மாதிரி ஆடினால் நடுவில் இருப்பது உயரம்.

*இரைச்சல் தந்தியைத் தொடர்ந்தால்:* ஒரு தந்தி மட்டும், எந்த மெட்டிலும், விரல் வைக்காமல் மீட்டினாலும் இரைகிறது. அப்போது கோளாறு குதிரைப் பக்கம். தகட்டில் தந்தி அறுத்த பள்ளம், தூசி, தகடு ஓரத்தில் லேசாக விட்டுப்போயிருப்பது, தந்தியே முறுக்கேறியிருப்பது. சோதனை எளிது: தந்திக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். நாதம் மந்தமாகும், பரவாயில்லை. இரைச்சலும் சேர்ந்து போனால் இடம் உறுதி.

*இரைச்சல் சுருதியைத் தொடர்ந்தால்:* மூன்று விதமாக எடுத்தாலும் அதே காந்தாரத்தில் இரைகிறது. அப்போது மெட்டும் இல்லை, தந்தியும் இல்லை. எங்கோ தளர்ந்து கிடக்கும் ஏதோ ஒன்றின் இயல்பான அதிர்வு அந்தக் காந்தாரத்தோடு ஒத்துப்போகிறது. லங்கர் வளையம், பிருடை, சுரைக்காய் பொருத்திய இடம், தாளத் தந்தியின் வளைவு, யாளி முகத்தில் ஒட்டிய அலங்காரத் துண்டு என்று பட்டியல் நீளம். ஒருவர் மீட்ட, இன்னொருவர் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வர வேண்டும். தொட்டதும் எது அடங்குகிறதோ அதுதான். வீணையில் எதுவும் சிக்கவில்லை என்றால் வீணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போங்கள். அங்கே இரைச்சல் இல்லையென்றால் கோளாறு வீணையில் இல்லை, அறையில். அலமாரிக் கண்ணாடி, ஸ்டீல் டம்ளர், ஜன்னல் கொக்கி எல்லாம் கூடவே பாடும்.

இந்த மூன்றிலும் சேராமல், எல்லா இடத்திலும் எப்போதும் இரைந்தால் மட்டும் பயப்படலாம். பலகை ஒட்டு விட்டிருக்கலாம், மரத்தில் கீறல் இருக்கலாம். அது கைவினைஞர் வேலை.

தஞ்சாவூரில் பேசிய வீணை ஓவேலியில் ஏன் இரைகிறது?

கடையில் வாசித்துப் பார்த்தபோது சுத்தமாக இருந்ததே என்று தோன்றும். இருந்திருக்கும். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வீணை, சமவெளி வெயிலில் காய்ந்து உருவாகிறது. ஓவேலியோ கூடலூருக்குப் பக்கத்தில், தென்மேற்குப் பருவமழை வந்து முட்டும் மேற்குச் சரிவில் இருக்கிறது. ஜூன் தொடங்கினால் தேயிலைக்கு நல்லது, மரச் சாமான்களுக்குக் கெட்டது. பீரோவில் வைத்த துணியே பூஞ்சை பிடிக்கும்.

ஈரத்தில் மரம் ஊதும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இல்லை. நார் ஓடும் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாற்றமே இருக்காது, குறுக்குவாக்கில் பல மடங்கு அதிகம். வீணையின் தண்டி உள்ளே குடைந்த மரம். அதன் இரண்டு ஓரங்களிலும் தேன்மெழுகோடு கரித்தூள் கலந்த கறுப்பு மெழுகு வரம்பு. அந்த மெழுகில்தான் மெட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. மரம் ஊதும்போது மெழுகு கூடவே ஊதாது. மெழுகுக்கு ஈரம் பொருட்டில்லை, சூடும் குளிரும்தான் கணக்கு. வெயிலில் இளகும், குளிரில் சுருங்கி விறைக்கும். இரண்டு பொருட்கள், இரண்டு போக்கு. நடுவில் மாட்டிக்கொள்ளும் மெட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். நமக்கு வேண்டாத அந்த ஒரு தாள் கனம் இப்படித்தான் வந்து சேர்கிறது. செய்தவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் வீணையில் கிடைத்தது

ஒரு நோட்டில் கட்டம் போட்டோம். கிடைவரிசையில் 24 மெட்டுகள், மேலிருந்து கீழாக நான்கு தந்திகள். ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக ஒரு மீட்டு, பலமாக ஒரு மீட்டு. மகள் வாசித்தாள், நான் குறித்தேன். 96 கட்டங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நோட்டைப் பார்த்ததும் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. 4-ஆம் மெட்டு வரிசையில் சாரணியிலும் பஞ்சமத்திலும் இரைச்சல், மந்தரத்திலும் அனுமந்தரத்திலும் இல்லை. அதாவது 5-ஆம் மெட்டு மொத்தமாக உயரவில்லை, சாரணிப் பக்க ஓரம் மட்டும் தூக்கியிருக்கிறது. ஸ்கேல் வைத்தோம், அந்தப் பக்கம் ஆடியது. தனியாக இன்னொன்றும் சிக்கியது: பஞ்சமம் எந்தத் தந்தியில் வந்தாலும் ஒரு மெல்லிய கிணுகிணுப்பு. லங்கர் வளையம் ஒன்று பக்கத்து வளையத்தில் உரசிக்கொண்டிருந்தது. அதை விரலால் நகர்த்தினோம், முடிந்தது.

மெட்டை நாங்கள் தொடவில்லை. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மெழுகை இளக்கி மெட்டை அழுத்துவது பழகிய கைக்கு மட்டுமே ஆகும் வேலை. வீணையைக் கம்பளியில் சுற்றி, காரில் வைத்து, மலை இறங்கி மேளம் கட்டுபவரிடம் கொண்டுபோனோம். பார்த்ததும் "மேளம் முழுசா கட்டணும் போல" என்றார். அது செலவும் நாளும் பிடிக்கும் வேலை. நோட்டை நீட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார், 5-ஆம் மெட்டின் ஓரத்தை மட்டும் இளக்கி அழுத்தினார். அரை மணி நேரம்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், பாதி அழுத்தத்தில் வாசி என்றேன். அந்தர காந்தாரம் சுத்தமாக வந்தது. அவள் முதலில் விரலைத்தான் பார்த்தாள், பிறகு மெட்டை. "அப்போ நான் சரியாத்தான் வாசிச்சிருக்கேன்" என்றாள்.

உங்கள் வீட்டு வீணை இரைந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அதே சுருதியை மூன்று இடத்தில் வாசியுங்கள். இரைச்சல் மெட்டோடு போகிறதா, தந்தியோடு போகிறதா, சுருதியோடு போகிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தோடு கைவினைஞரிடம் போங்கள். மழைக்காலம் முடிந்து டிசம்பர் பனி வந்ததும் கட்டத்தை மறுபடி ஒருமுறை நிரப்புங்கள். காய்ந்து சுருங்கும் மரம் வேறொரு மெட்டைத் தூக்கியிருக்கலாம். அதுவரை, பிள்ளைகளை இன்னும் அழுத்தச் சொல்லாதீர்கள்.