தூங்கினால் எழ மறுக்கும் மடிக்கணினி

மூடியைச் சாத்தினால் மடிக்கணினி முழுதாக அணைவதில்லை. வழக்கமான ‘ஸ்லீப்’ நிலையில் ரேம் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். நாம் சேமிக்காமல் விட்ட இடுபணி அங்கேதான் இருக்கிறது. எழுப்பும்போது திரை, ஒலி, வைஃபை என ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் ‘டிரைவர்’ மென்பொருள் எழுப்ப வேண்டும். ஒன்று எழாவிட்டால் எல்லாமே நின்றுவிடலாம்.

இந்தத் தவணையில் என் கணினிக்கு நடந்தது அதுதான். முதலில் கறுப்புத் திரை, சில நிமிடம் கழித்து நீலத்திரை, பிறகு மறுதொடக்கம். ஒரு கடையில் மதர்போர்டை மாற்றச் சொன்னார்கள்: 900 வெள்ளி. கல்விக் கடனில் படிக்கும் எனக்கு அது பல வாரச் சாப்பாடு. நாள் முழுக்க ஒழுங்காக ஓடும் கணினி, தூங்கி எழும்போது மட்டும் விழுந்தால் மதர்போர்டையா முதலில் சந்தேகிப்பது?

‘ஈவென்ட் வியூவரில்’ ‘கெர்னல்-பவர் 41’ என்றிருந்தது. பலர் இதைப் பார்த்தே பயந்துவிடுகிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதைத்தான் அது முதன்மையாகச் சொல்கிறது. நீலத்திரையில் வந்த ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெய்லியர்’ என்ற வரிதான் உண்மையான துப்பு.

யூஎஸ்பி கருவிகளைக் கழற்றினேன், மாற்றமில்லை. ‘டிவைஸ் மேனேஜரில்’ வைஃபையை முடக்கிவிட்டுப் பத்து முறை தூங்கவைத்தேன். பத்து முறையும் எழுந்தது! மறுபடி இயக்கியதும் மூன்றாம் முறையே விழுந்தது. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கென்று இருந்த வைஃபை டிரைவரை நிறுவினேன், சரியானது. செலவு, ஒரு சனிக்கிழமை.

உங்கள் கணினியில் குற்றவாளி வேறு பாகமாக இருக்கலாம். ஒவ்வொன்றாக முடக்கிப் பாருங்கள். திரை டிரைவரை மட்டும் முடக்க வேண்டாம், ஸ்லீப் வசதியே மறைந்துவிடக்கூடும். பழைய பதிப்புக்குத் திரும்ப அதற்கு ‘ரோல் பேக்’ பொத்தான் இருக்கிறது.