மறைப்பதா, சொல்வதா?

"குழந்தைகளிடம் கொடுமைகளைச் சொல்லலாமா? பிஞ்சு நெஞ்சு வாடாதா?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் முன் ஒரு நூலை வைக்கிறோம்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகரம். அங்கே கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்கள் உழைத்து உயர்ந்து வாழ்ந்தனர். 1921 மே 31, ஜூன் 1 நாட்களில் வெள்ளை வெறிக் கும்பல் பாய்ந்தது. 35 தெருக்கட்டங்கள் சாம்பலாயின! மாண்டோர் 300 பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. பாடநூல்களோ பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை.

2021-இல் இதனைக் குழந்தைகளுக்கான படநூலாக்கினர் இருவர். எழுதியவர் கரோல் பாஸ்டன் வெதர்போர்டு. ஓவியம் தீட்டியவர் ஃபிளாய்ட் கூப்பர். கூப்பர் டல்சாவில் பிறந்தவர். உயிர் தப்பிய பாட்டனாரின் வாய்மொழியாகவே இக்கொடுமையை அறிந்தவர்.

நூல் எடுத்த எடுப்பிலேயே தீயைக் காட்டவில்லை. பாட்டி கதை சொல்லும் பாணியில் தொடங்குகிறது. கடைகள், பள்ளிகள், திரையரங்கு என ஊரின் வாழ்வை முதலில் காட்டுகிறது. அந்த ஊரைக் குழந்தை நேசித்த பின்னரே தீ வருகிறது. அப்போதுதானே இழப்பு இன்னதென்று புரியும்? பிணக்குவியலைக் காட்டி மிரட்டவில்லை. கொளுத்தியவர் யார் என்பதை மூடவுமில்லை.

அச்சுறுத்தாமல் சொல்ல வழி உண்டு. மறைக்கத்தான் நியாயம் இல்லை என்கிறோம் நாம்!