முப்பத்தொரு சீட்டும் ஒரு செல்போனும்



நம் பாலிடெக்னிக்கில் 'டிராயிங்' என்றாலே மினி டிராஃப்டரும், ஏ2 ஷீட்டும், ஆர்த்தோகிராஃபிக் புரொஜக்‌ஷனும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது அந்த டிராயிங் அல்ல. செல்போன் திரையிலும் கம்ப்யூட்டரிலும் மனிதர்களை வரைகிற டிராயிங். இதற்குத் தனி கோர்ஸ் சேர வேண்டியதில்லை, ஒரு கோடை விடுமுறை போதும் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. "சிவில் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து பாதி வரையாவது படித்துவிட்டுக் கேளுங்கள். அப்ளைடு மெக்கானிக்ஸ் நடுவில் வருகிறது!

தினம் ஒரு படம் என்று கணக்கு வைத்து வரைவது உலகம் முழுக்க நடக்கிற பழக்கம். 2009-ல் ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர், அக்டோபர் மாதம் முழுவதும் நாளுக்கு ஒரு மைப் படம் என்று தனக்குத்தானே ஒரு சவால் வைத்துக்கொண்டார். 'இங்க்டோபர்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவியது. அவருக்கும் முன்பே, 2007 மே 1-ம் தேதி, 'பீப்பிள்' என்ற புனைபெயர் கொண்ட மைக் விங்கல்மன் நாளுக்கு ஒரு படம் என்று ஆரம்பித்தார். அவருடைய முதல் 5000 நாள் படங்களைச் சேர்த்து 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றபோது கிடைத்தது கிட்டத்தட்ட 6.93 கோடி டாலர். இந்தத் தொகையைப் பார்த்துவிட்டு யாரும் டிப்ளமோவை விட்டுவிட வேண்டாம்! எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது டாலர் அல்ல, அந்த ஐயாயிரம்தான்.

ஆனால் இதற்கெல்லாம் அமெரிக்கா வரை போவானேன்? தினம் ஒரு படம் என்பதில் எங்கள் கொடைக்கானல் அவர்களுக்கெல்லாம் பாட்டன். ஊருக்கு மேலே இருக்கிற சூரிய ஆய்வுக்கூடம் 1899-ல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். 1904 முதல் அங்கே தினமும் சூரியனைப் படம் பிடித்து வந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து, அட்சரேகை தீர்க்கரேகைக் கட்டம் போட்ட ஒரு வட்டத்துக்குள் புள்ளிகளையும், இழைகளையும், ஓரத்தில் எழும்பும் சுடர்களையும் நிறம் நிறமாகக் கையாலேயே குறித்து வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இப்படிச் சேர்ந்த தாள்கள் இப்போது டிஜிட்டலாக மாற்றப்பட்டு, உலகத்து விஞ்ஞானிகளுக்கெல்லாம் பயன்படுகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மேகம் மூடிய நாளில் சூரியன் தெரியாது. தெரியாத நாளுக்குப் படம் கிடையாது. மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்டவும் முடியாது. என் சவாலுக்கு முதல் விதியை நான் எடுத்தது இதிலிருந்துதான்.

விதிகள் இவை. மே மாதத்துக்கு 31 சீட்டு. ஒவ்வொன்றிலும் சீசனில் கண்ணில் படுகிற ஒரு ஆளின் பெயர்: ஏரிக்கரைக் குதிரைக்காரர், படகுத் துடுப்புக்காரர், சோளம் சுடும் அக்கா, குரங்குக் குல்லா விற்பவர், பட்டர் ஃப்ரூட் கூடைப் பாட்டி, வாடகை சைக்கிள் அண்ணன், பிரையண்ட் பூங்கா தோட்டக்காரர், மலைப்பூண்டு உரிப்பவர், ஸ்வெட்டருக்குள் காணாமல் போன டூரிஸ்ட் குழந்தை... இப்படி. பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி, காலையில் ஒன்று எடுக்க வேண்டும். பகலில் அந்த ஆளைப் பார்த்துப் பாக்கெட் நோட்டில் பென்சிலால் நாலு கோடு. ராத்திரி அதைப் போனில் முழுப் படமாக்க வேண்டும். நேரம் முக்கால் மணி. போட்டோவுக்கு மேலே வைத்து டிரேஸ் எடுக்கக் கூடாது. தவறிய நாள் தவறியதுதான்.

ராத்திரி என்று வைத்ததற்குக் காரணம், எங்கள் வீட்டில் டச் போன் ஒன்றுதான். பகலெல்லாம் அது அப்பாவிடம் இருக்கும். லாரி எங்கே நிற்கிறது, எத்தனை மூட்டை என்று அதில்தான் பேச்சு. எட்டு மணிக்கு மேல்தான் என் கைக்கு வரும். யோசித்துப் பார்த்தால் இது நல்லதாகவே அமைந்தது. பகலில் பார்த்ததை மனசில் தூக்கிக்கொண்டு வீடு வரை நடக்க வேண்டியிருக்கிறதே, அந்த ஞாபகத்தில் தேவையில்லாததெல்லாம் தானே உதிர்ந்துவிடும்.

இனி கருவி விஷயம்.

நாம் லேபில் பழகும் கேடு, கோட்டைக் கணக்காக வைத்துக்கொள்ளும். இங்கே தொடங்கி அங்கே முடிகிறது என்று இரண்டு புள்ளி தெரிந்தால் போதும், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. ஓவியச் செயலிகள் பெரும்பாலும் அப்படி இல்லை. அவை படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக, அதாவது பிக்ஸல்களாக வைத்துக்கொள்ளும். 2000-க்கு 2000 என்று ஒரு தாள் திறந்தால் 40 லட்சம் பிக்ஸல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு என்று 4 பைட். ஆக ஒரு லேயருக்கு மட்டும் சுமார் 16 எம்.பி. பத்து லேயர் போட்டால் 160. 'என் போன் ஏன் திக்கித் திக்கி வேலை செய்யுது?' என்பதற்கு விடை இதுதான். அச்சுக்குக் கொடுப்பதானால் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 2000 பிக்ஸல் அகலம் ஆறரை அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். இந்த மலர் போன்ற ஒரு பக்கத்துக்கு அது தாராளம்.

லேயர் என்பது வேறொன்றும் இல்லை, டிரேசிங் ஷீட்தான். அடியில் ஒரு ஷீட்டில் கிறுக்கல், மேலே ஒரு ஷீட்டில் சுத்தக் கோடு, இன்னொன்றில் வண்ணம். அடிக் கிறுக்கலை மறைத்துவிட்டால் வேலை முடிந்தது. எனக்கு மூன்று லேயருக்கு மேல் தேவைப்படவில்லை. முப்பது லேயர் வைப்பவர்களைப் பார்த்தால், படம் வரைகிறார்களா ஃபைல் அடுக்குகிறார்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

விரலால் போடும் கோடு நடுங்கும். அதற்கு 'ஸ்டெபிலைசர்' என்று ஒரு வசதி உண்டு. நம் விரல் போன கடைசிச் சில புள்ளிகளின் சராசரியை எடுத்துக் கோடு போடும் என்பதுதான் அதன் அடிப்படை. மேலே நடுங்கியதும் கீழே நடுங்கியதும் கழிந்துபோய்க் கோடு வழவழப்பாகும். விலை: கோடு விரலுக்குப் பின்னால் தாமதித்து வரும், கூர்மையான மூலைகள் மழுங்கும். நீளமான வளைவுக்கு அதைக் கூட்டி வையுங்கள், கண் மூக்கு வரையும்போது குறைத்துவிடுங்கள்.

போன் செயலிகளில் ஐபிஸ் பெயின்ட் காசில்லாமல் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் கிடைத்தால் கிரிட்டா முழுக்க இலவசம். பேனா டேப்லெட் வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள். அழுத்தத்தை 8192 படிகளில் உணர்கிறவை இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன, அழுத்தினால் கோடு தடிக்கும். வசதியில்லையா? காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியை லேசாக நனைத்து, பஞ்சைத் தொடும்படி அலுமினியத் தாளைக் குச்சியில் சுற்றி, அந்தத் தாளைப் பிடித்து வரையுங்கள். நம் உடம்பின் மின்சாரத் தொடர்பு பஞ்சு வழியாகத் திரைக்குப் போய்விடும். கம்பளிக் கையுறை போட்டால் திரை உணராமல் இருப்பதற்கும் காரணம் இதுவே. எங்கள் ஊர்க் குளிரில் இது ஒரு பெரிய அவஸ்தை!

'அன்டூ' பொத்தானை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அழித்து அழித்து ஒரே கோட்டில் அரைமணி நேரம் போய்விடும். ஒரு படத்துக்கு ஐந்து அன்டூ என்று நான் ரேஷன் வைத்துக்கொண்டேன்.

இப்போது ஆளுக்கு வருவோம். இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் கருவி.

ஒரு கேரக்டர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிடுவது. நிழலைப் பார்த்தே 'இது சோளக்கார அக்கா' என்று சொல்ல முடிய வேண்டும். முகச்சாயல் அடுத்தபடிதான். விசிறி பிடித்த கை, ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பு, அடுப்புப் புகைக்கு ஒதுங்கிய தலை, இவைதான் அவர். விகடனில் கோபுலு 'தில்லானா மோகனாம்பாள்' கதைக்குப் போட்ட படங்களைப் பழைய பைண்டிங்கில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மதுரையில் பிறந்த டிராட்ஸ்கி மருது, தமிழ்நாட்டில் கம்ப்யூட்டரை ஓவியத்துக்கு முதலில் கையாண்டவர்களில் ஒருவர். அவர் கோடுகளையும் தேடிப் பாருங்கள். கருவி மாறினாலும் உடம்பின் வேகம் கோட்டில் இருக்கிறது.

பதினேழாம் நாள் வந்த சீட்டு 'மூட்டை தூக்குபவர்'. ஒரு மாதிரிக்காக, படம் போட்டுத் தரும் ஏ.ஐ. செயலியிடம் நண்பர் ஒருவர் அதே விஷயத்தைக் கேட்டுப் பார்த்தார். பத்தே விநாடியில் தந்தது. ஒளி, வண்ணம் எல்லாம் அமர்க்களம். ஆனால் அந்த ஆள் முதுகில் மூட்டையோடு ராணுவ வீரர் மாதிரி நிமிர்ந்து நின்றார்! முடியுமா? கணக்குப் போடுவோம். ஆள் 60 கிலோ, மூட்டை 40 கிலோ. மூட்டையின் ஈர்ப்பு மையம் ஆளின் ஈர்ப்பு மையத்துக்கு 25 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்த மையம் 40 × 25 ÷ 100 = 10 செ.மீ. பின்னால் தள்ளிப்போகும். அந்தச் செங்குத்துக் கோடு கிட்டத்தட்டக் குதிகால் விளிம்புக்கே வந்துவிடும். ஒரு கூழாங்கல் இடறினால் மல்லாக்க விழ வேண்டியதுதான். விழாமல் இருக்கத்தான் உடம்பு முன்னால் வளைகிறது. சுமை கூடக் கூட வளைவும் கூடும்.

இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா பார்த்தார். பூம்பாறைப் பக்கம் கேரட், உருளைக்கிழங்கு மூட்டைகளைப் படிக்கட்டு வயலிலிருந்து ரோட்டுக்கு ஏற்றுவதுதான் அவர் தொழில். நான் படிக்கிற புத்தகம் எதையும் அவர் பிரித்ததில்லை, எங்கள் வீட்டில் பிரித்துப் பார்க்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். "என்ன பாப்பா, மூட்டையா அது?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் திண்ணையிலிருந்த மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நின்றார். "ஏத்தத்துல இப்படிக் குனிவோம். எறக்கத்துல காலை நேரா வைக்க மாட்டோம், சாய்ச்சு ஊனணும். இல்லேன்னா முட்டி போயிரும். அதையும் எழுதிக்க" என்றார். நான் வரைந்து முடிக்கும் வரை, இருபது நிமிஷம், இறக்கி வைக்கவே இல்லை. "இறக்குங்கப்பா" என்றால், "நீ போடு, நாள் பூரா தூக்குறதுதானே" என்கிறார். அன்றைக்கு அன்டூ ஒன்றுகூடச் செலவாகவில்லை.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நிழலுக்கு 'மல்டிப்ளை' என்ற லேயர் முறையைப் பயன்படுத்துங்கள். பெயருக்கேற்றபடி பெருக்கல்தான்: அடியில் 200 அளவு வெளிச்சம், மேலே 153 என்றால், 200 × 153 ÷ 255 = 120. அடி நிறம் மாறாமல் இருட்டு மட்டும் ஏறும். கோக்கர்ஸ் வாக் மாதிரி பனிமூட்டமான இடமென்றால் அதற்கு நேர் எதிர்வேலை. தூரத்து ஆட்களுக்குக் கறுப்பே கொடுக்கக் கூடாது. கிட்டே இருப்பவருக்கு நூறு என்றால் அடுத்தவருக்கு அறுபது, அதற்கும் அப்பால் முப்பது. இவ்வளவில் பனி தானாக இறங்கிவிடும். பனியைத் தனியாக வரைய வேண்டாம்.

ஒரு விஷயம் கொஞ்சம் கோபத்தோடு. மலைத்தேன் எடுக்கும் பளியர் மக்களைக் கண்டால், கேட்காமல் கொள்ளாமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டும் டூரிஸ்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். என் சீட்டில் 'தேன் எடுப்பவர்' வந்த அன்று போய்க் கேட்டேன். வயசான ஒருவர், "என்னைய வேணாம் பாப்பா, கொடிய வேணா வரஞ்சுக்க" என்றார். பாறையில் தொங்கும் கொடி ஏணியை மட்டும் வரைந்தேன். அன்றைய கேரக்டர் அந்த ஏணிதான். ஆளை வரையும் முன் கேளுங்கள், வரைந்ததைக் காட்டுங்கள். குதிரைக்கார அண்ணனுக்குப் படத்தைக் காட்டியதும், "குதிரைக்கு மூக்குல வெள்ளை இருக்கே, அதப் போடலையே" என்று ஒரே பிடிவாதம். நின்ற இடத்திலேயே வெள்ளை வைத்துக் கொடுத்தேன்.

கணக்கு: 31 சீட்டில் 28 படம். மே கடைசியில் மழைக்குக் கரண்ட் போய் மூன்று நாள் போன் உயிரோடு இல்லை. அந்த மூன்று கட்டமும் ஆல்பத்தில் காலியாகவே இருக்கின்றன. முதல் நாள் படம் முக்கால் மணிக்குள் அடங்கவில்லை, இருபத்தைந்தாம் நாளுக்கு இருபது நிமிஷம் மிச்சமிருந்தது. அப்பா படத்தை வத்தலக்குண்டில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் இல்லை, லாரிக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறார்.

டிசம்பர் செமஸ்டர் லீவுக்குப் புதுச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை மலையில் மட்டும் அல்ல, பழநி அடிவாரத்தையும் சேர்த்து: பாதயாத்திரைக்காரர், காவடி கட்டுபவர், பஞ்சாமிர்தக் கடைப் பையன், மொட்டை போடுபவர், விஞ்ச் வரிசையில் தூங்கும் தாத்தா. இதுவரை பத்தொன்பதுதான் ஆகியிருக்கிறது. உங்கள் ஊர் ஆட்கள் பெயர் ஏதாவது இருந்தால் ஒரு சீட்டில் எழுதி, சிவில் பிளாக் வராண்டாவில் சர்வே லேப் கதவோரம் இருக்கிற பிஸ்கட் டப்பாவில் போடுங்கள். கூட வரைய வருகிறவர்கள் பஞ்சுக் குச்சியை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள்.