மின்மாற்றி மின்னாக்கி ஆகுமா?

நான் கலைப்பட்டதாரி. மொழிபெயர்ப்பு என் தொழில். ஆயினும் மின்சாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற வேண்டிய அவசியம் நேர்ந்துள்ளது. பெங்களூரில் என் அண்டைவீட்டு இளைஞர் ஒருவர், சாதர் பத்ரப்பா சாலைக் கடைகளில் பழைய மின்மாற்றிகளை வாங்கி வந்து, தன்னைத்தானே இயக்கிக்கொள்ளும் மின்சுற்று ஒன்றை அமைக்க முயன்று வருகிறார். “மின்மாற்றி அழுத்தத்தைப் பத்து மடங்காக உயர்த்துகிறது. அதில் ஒரு பங்கை மீண்டும் உள்ளே செலுத்தினால், வேறு மின்சாரமே இன்றி விளக்கு எரியாதோ?” என்பது அவர் வினா. அவருடைய அன்னையாரோ, “பையனிடம் நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று அஞ்சி நிற்கிறார்.

இந்த ஆசை புதியதன்று. பாஸ்கராச்சாரியார் 1150-ஆம் ஆண்டில் இயற்றிய சித்தாந்த சிரோமணியிலேயே, ஆரக்கால்களில் பாதரசம் பெய்த, தானே சுழலும் சக்கரத்தைப் பற்றிய குறிப்பு உண்டு. 1775-இல் பாரிஸ் அறிவியற் கழகம் இத்தகைய திட்டங்களை இனி ஆராய்வதில்லை என்று முடிவு செய்தது. ஆற்றலை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றலாமேயன்றிப் புதிதாக ஆக்க இயலாது என்பதை 1840-களில் மேயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் தெளிவாக்கினர்.

இதற்கு விளக்கம் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து பெறப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு அனுப்பப்பட்டது. 1905-இல் பெங்களூர்த் தெருக்களிலும் மின்விளக்கு எரிந்தது. அவ்வளவு தூரம் செல்லும் மின்சாரத்தின் அழுத்தத்தை மின்மாற்றிகள் உயர்த்தின. ஏன்? அழுத்தம் பத்து மடங்கானால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் நூறில் ஒன்றாகக் குறையும். இழப்புக் குறைந்ததேயன்றி ஆற்றல் பெருகவில்லை. ஆற்றலைத் தந்தது உயரத்திலிருந்து விழுந்த காவிரியே.

தமிழில் அதன் பெயரே உண்மையைச் சொல்லிவிடுகிறது. அது மின்மாற்றி; மின்னாக்கி அன்று. மூலத்தில் இல்லாத பொருளை மொழிபெயர்ப்பாளன் சேர்க்கலாகாது. மின்மாற்றியால் சேர்க்கவே முடியாது. சேர்க்காததோடு சிறிது உண்ணவும் செய்கிறது. செம்புச் சுருளும் இரும்பு உள்ளகமும் சூடேறுவது அதனால்தான். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு திருப்பித் தரும் சிறு மின்மாற்றிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், 100 வாட் 90 ஆகும்; பிறகு 81; பிறகு 73. சுற்று நீள நீள எஞ்சுவது குறையும்.

“ஆனால் அளவி அதிகமாகக் காட்டுகிறதே!” என்பார் நண்பர். மாறுமின்னோட்டத்தில் அழுத்தமும் ஓட்டமும் ஒருங்கே ஏறி இறங்காதபோது, இரண்டின் பெருக்குத்தொகை உண்மைத் திறனைவிட மிகுதியாகவே தோன்றும். சீரான அலைக்கென அமைந்த மலிவான அளவி, கூரிய துடிப்புகளைப் பிழையாகக் காட்டும். இணைப்பை நீக்கிய பின்னும் விளக்குச் சில நொடி எரிவது, மின்தேக்கியில் முன்னரே சேமித்த ஆற்றலால். உண்மைச் சோதனை எளிது: வெளி மின்சாரத்தை முற்றிலும் நீக்கிவிட்டு, பல மணி நேரம் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

ஆனால் உயர் அழுத்தத்தில் அச்சோதனையை வீட்டில் செய்யத் துணியாதீர்கள். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றி சுமார் 2,000 வோல்ட் தரும். ஒரு முறை தீண்டினாலே உயிர் போகும். அதனுடன் இணைந்த மின்தேக்கி, இணைப்பை நீக்கிய பின்னும் கொல்லும் வலிமையுடையது.

ஆர்வத்தை அடக்க வேண்டியதில்லை, வழிப்படுத்தினால் போதும். தீர்ந்ததென்று எறியும் 1.5 வோல்ட் மின்கலம் ஒன்று, ஒரு டிரான்ஸிஸ்டர், ஒரு மின்தடை, பெரைட் வளையத்தில் சுற்றிய இரட்டைக் கம்பிச்சுருள் ஆகியவற்றைக் கொண்டு, சுமார் 3 வோல்ட் வேண்டும் வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கை எரிய வைக்கலாம். பார்ப்பவருக்கு மாயமாகத் தோன்றும். சில நாளில் மின்கலம் முற்றும் வற்றி விளக்கு அணையும்போது, ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். அண்டைவீட்டு இளைஞரிடமும் இதனையே கூறினேன். பெரிய மின்மாற்றிகளை அவர் இன்னும் எறிந்துவிடவில்லை. ஆனால் அவற்றின் கம்பிகளைக் கழற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார். அவருடைய அன்னையார் இப்போது நிம்மதியாக உறங்குகிறார்.